குட்டியின் பல்லும் வீட்டாரின் கையும்

கேள்வி: நாங்கள் பாளையங்கோட்டையில் வசிக்கிறோம். கோவில்பட்டிப் பக்கம் ஒருவரிடமிருந்து செவலை நிறச் சிப்பிப்பாறை ஆண் குட்டி ஒன்றை 35 நாள் வயதில் வாங்கி வந்தோம். இப்போது அதற்கு 11 வாரம் ஆகிறது. பகலில் சாதுவாக இருக்கும் குட்டி, மாலை ஆறரை மணிக்கு மேல் என் புடவைக் கரை, மாமியாரின் கணுக்கால், ஏழு வயது மகளின் கை என்று எதையும் விடாமல் கடிக்கிறது. என் கணவர் செய்தித்தாளைச் சுருட்டி மூக்கில் தட்டிப் பார்த்தார். அதன்பிறகு இன்னும் வேகமாகக் கடிக்கிறது. மல்லாக்கப் போட்டு அமுக்கிப் பிடித்து யார் எஜமான் என்று காட்டுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஐந்து நாட்களுக்கு முன்பு மகளின் புறங்கையில் பல் பட்டு இரத்தம் வந்தது. குட்டிக்கு ஓர் ஊசி போட்டாயிற்று, குட்டி நாய் கடித்தால் ஒன்றும் ஆகாது என்று எல்லோரும் சொன்னதால் மஞ்சள் மட்டும் வைத்துவிட்டோம். வேட்டை நாய் இனம் என்பதால் பெரிதான பிறகும் இந்தக் கடிக்கும் குணம் போகாதா? (ஓர் ஆசிரியை)

பதில்: சகோதரிக்கு வணக்கம். நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு வருவதற்கு முன்னால், போகிற போக்கில் எழுதியிருக்கும் மஞ்சள் விஷயத்தைப் பேசிவிட வேண்டும். இந்தப் பதிலை வாசித்து முடித்ததும் மகளை அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அழைத்துச் செல்லுங்கள். உங்கள் குட்டிக்குப் போடப்பட்ட முதல் ஊசி பெரும்பாலும் பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நாய்களுக்கு வரும் நோய்களைத் தடுப்பது. வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியை வழக்கமாக மூன்று மாதம் நிறைந்த பிறகுதான் போடுகிறோம். ஆகவே, 'ஓர் ஊசி போட்டாயிற்று' என்பது மகளின் கையைப் பொறுத்தவரை எந்தப் பாதுகாப்பும் ஆகாது. குட்டி நாய்க்கு வெறிநோய் வராது என்ற நம்பிக்கையும் தவறு. தாய் நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தார்களா, குட்டிகள் இருந்த தொழுவத்துக்குள் தெருநாய் ஏதேனும் வந்து போனதா என்பதெல்லாம் நமக்குத் தெரியாதபோது, குட்டியின் முகத்தைப் பார்த்து ஆபத்தை அளவிட முடியாது.

பல் தோலைக் கிழித்து இரத்தம் வந்த காயத்தை மருத்துவர்கள் மூன்றாம் வகைக் காயமாகக் கருதுகிறார்கள். அதற்குத் தடுப்பூசியுடன், காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்புப் புரத மருந்தும் தேவைப்படும். தோலில் போடும் முறையில் தடுப்பூசிக்கு முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்கள் என நான்கு முறை செல்ல வேண்டியிருக்கும். ஐந்து நாள் கடந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். தாமதமாகிவிட்டது என்பது இன்னும் விரைந்து போவதற்கான காரணம்தான். குட்டியை யாருக்கும் கொடுத்துவிடாமல், கடித்த நாளிலிருந்து 10 நாள் வரை அது வழக்கம்போல் தின்கிறதா, ஓடுகிறதா என்று கவனித்து அதையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள். மீதி ஊசிகளைப் பற்றி அவர் முடிவு செய்வார். இனி எப்போது பல் பட்டுத் தோல் கிழிந்தாலும், குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுவதுதான் முதல் வேலை. மஞ்சள், சுண்ணாம்பு, காபித் தூள், மிளகாய்த் தூள் எதுவும் காயத்தில் படக் கூடாது.

இனி குட்டியின் விஷயத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு கிராமத்தில் ஆறு குட்டிகள் ஈன்றிருந்த நாய்க்குக் குடற்புழு மருந்து கொடுக்கப் போயிருந்தபோது, அரை மணி நேரம் தொழுவத்து வாசலில் உட்கார்ந்து அந்தக் குட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வாரக் குட்டிகள். ஒன்று மற்றொன்றின் காதைக் கவ்வி இழுத்தது. கொஞ்சம் பலமாகப் பல் இறங்கியதும் கடிபட்ட குட்டி 'கீச்'சென்று கத்திவிட்டு, திரும்பிக் கடிக்காமல், விளையாட்டை அப்படியே விட்டுவிட்டு ஒரு கோணிப்பையின் மறைவில் போய்ப் படுத்துக்கொண்டது. கடித்த குட்டி கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு மெல்ல அருகில் போய் முகத்தை நக்கியது. மறுபடி விளையாட்டு தொடங்கியது. இன்னொரு குட்டி தாயின் காம்பைப் பல்லால் நறுக்கியபோது, தாய் உறுமக்கூட இல்லை. எழுந்து மூன்றடி தள்ளிப் போய் நின்றுகொண்டது. பால் போயிற்று. பலமாகக் கடித்தால் விளையாட்டு நின்றுவிடும், பாலும் நின்றுவிடும் என்ற இந்த ஒரு பாடத்தைத்தான் தாயும் உடன்பிறந்த குட்டிகளும் ஒரு நாளைக்குப் பல முறை நடத்துகின்றன. அடியும் இல்லை, அமுக்குவதும் இல்லை.

இந்தப் பாடம் தீவிரமாக நடக்கும் காலம் ஐந்தாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை. உங்கள் குட்டியோ 35-ஆம் நாளில், பள்ளியில் சேர்ந்த மறுநாளே மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்துவிட்டது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் வந்த மத்திய அரசின் நாய் இனவிருத்தி, விற்பனை விதிகளே சொல்கின்றன. ஆனால், எங்கள் பக்கத்தில் 30 நாள் குட்டியைப் பிஸ்கட் அட்டைப் பெட்டியில் வைத்துப் பேருந்தில் அனுப்பும் வழக்கம் இன்னும் நின்றபாடில்லை. உங்கள் மீது குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தாயும் உடன்பிறப்புகளும் நடத்தாமல் விட்ட பாடத்தை இனி உங்கள் வீட்டார் நடத்த வேண்டியிருக்கிறது. அதற்குத் தேவைப்படும் கூடுதல் நாட்களைக் குட்டியின் கெட்ட குணமாகக் கணக்கு வைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

வேட்டை இனம் என்ற அச்சத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். சிப்பிப்பாறை, ஓடும் முயலைக் கண்ணால் கண்டு விரட்டுவதற்காக நம் கரிசல் நிலத்தில் வளர்க்கப்பட்ட நாய். அசையும் பொருளைக் கண்டால் அதன் கால் தானாகக் கிளம்பும். நீங்கள் அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடக்கும்போது தரையைத் தொட்டுத் தொட்டு அசையும் புடவைக் கரையும், கையை உதறிக்கொண்டு கத்தியபடி ஓடும் ஏழு வயதுப் பிள்ளையும் அதற்கு முயலாகவே தெரிவார்கள். விரட்டும் விருப்பம் இனத்தின் குணம். மனிதத் தோலில் பல்லை எவ்வளவு அழுத்தலாம் என்பது கற்றுக்கொள்ளும் விஷயம். இரண்டையும் ஒன்றாக்கிக் குழம்ப வேண்டாம். லாப்ரடார் குட்டியும் பொமரேனியன் குட்டியும் இதே வயதில் இதே போலக் கடிப்பதை வாரந்தோறும் மருத்துவமனையில் பார்க்கிறேன்.

நீங்கள் குறிப்பிட்ட மாலை ஆறரை மணி எனக்கு மிகவும் உதவியாக இருந்தது. இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டும். மகள் பள்ளியிலிருந்து வருவது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் குட்டியைப் பார்க்க வருவது, உங்கள் கணவர் வேலையிலிருந்து வருவது எல்லாம் நான்கு மணிக்கும் ஆறரை மணிக்கும் இடையில் நடப்பதாக இருந்தால், குட்டி இரண்டரை மணி நேரம் கண்ணே மூடாமல் இருந்திருக்கும். தூக்கம் சொக்கும் குழந்தை அழுது அடம்பிடிப்பதைப் போல, தூக்கம் கெட்ட குட்டி கடிக்கும். ஆகவே, ஐந்தே கால் அல்லது ஐந்தரை மணிக்குக் குட்டியை வெளியே விட்டுச் சிறுநீர் கழிக்கச் செய்து, ஆள் நடமாட்டம் குறைந்த ஓர் அறையில் பழைய போர்வை விரித்து, மின்விசிறியைப் போட்டு, ஒரு மணி நேரம் தூங்க வையுங்கள். இரவு உணவு எட்டு மணிக்கு என்றால் அதை ஏழு மணிக்குக் கொண்டுவந்து பாருங்கள். இந்த வயதில் ஒரு நாளைக்கு நான்கு வேளை உணவு வேண்டும், பசியும் கடியைக் கூட்டும். வேறு எந்தப் பயிற்சியும் தராமல் இந்த ஒன்றை மட்டும் ஒரு வாரம் செய்தாலே, மாலைக் கடியில் பெரும்பகுதி குறைவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

பல் பட்ட கணத்தில் என்ன செய்வது என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம். கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்த கை ஓடும் இரை, அதோடு தோல் கிழிவதும் பெரும்பாலும் அந்த இழுப்பில்தான். கையை உயிரில்லாததுபோல் தளர விடுங்கள். உரத்துக் கத்தாமல், 'ஆ' என்று ஒரே ஒரு முறை, வலித்தவர் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, எழுந்து, முகத்தையும் கையையும் திருப்பிக்கொண்டு, 15 அல்லது 20 விநாடி குட்டி என்று ஒன்று அந்த அறையிலேயே இல்லாததுபோல் நில்லுங்கள். குட்டி அடங்கியதும் திரும்பி, அது கடிக்கத்தக்க ஒரு பொருளை வாயருகில் நீட்டி விளையாட்டைத் தொடருங்கள். மறுபடி பல் அழுந்தினால் மறுபடி அதே செயல். சில குட்டிகளுக்கு, குறிப்பாக வேட்டை இனக் குட்டிகளுக்கு, அந்த 'ஆ' சத்தமே உற்சாகத்தை ஏற்றிவிடும்; உங்கள் குட்டி அப்படிப்பட்டதானால் வாய் திறக்காமல் எழுந்து போங்கள். புடவைக் கரையை விடாமல் பின்தொடர்ந்து வந்தால், நீங்கள் கதவுக்கு அப்புறம் போய் அரை நிமிடம் கழித்து வாருங்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அறையில் அடைப்பதைவிட நீங்கள் போய்விடுவது நல்லது. தூக்குவதற்கு நீளும் கையே அடுத்த கடிக்கு இடம் கொடுக்கும்.

இதில் ஒரு படிவரிசை இருக்கிறது, அதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் வலிக்கும் கடிக்கு மட்டும் விளையாட்டை நிறுத்துங்கள். பல் மெல்லப் படுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வலிக்கும் கடி நின்ற பிறகு, இலேசாக அழுந்தும் கடிக்கும் எழுந்து போங்கள். அதுவும் நின்ற பிறகுதான் தோலில் பல்லே படக் கூடாது என்ற சட்டத்துக்கு வர வேண்டும். முதல் நாளிலேயே வாயை முற்றிலும் மூடவைத்துவிட்டால், மெதுவாகக் கடிப்பது எப்படி என்பதைக் கற்காமலேயே குட்டி வளர்ந்துவிடும். அப்படி வளர்ந்த நாயின் வாலைப் பின்னாளில் யாராவது இருட்டில் மிதித்துவிட்டால், அது கடிக்கும் முதல் கடியே முழுக்கடியாக இருக்கும். அளவறிந்த வாயுள்ள நாய், அதே வலியில், பல்லைத் தோலில் வைத்துவிட்டு எடுத்துக்கொள்ளும். கடிக்காத நாயைவிட, கடியின் அளவு தெரிந்த நாயையே நான் நம்புவேன். ஆனால், இந்தப் பொறுமைப் பயிற்சி நீங்களும் உங்கள் கணவரும் மட்டும் செய்ய வேண்டியது. மகளிடமும் மாமியாரிடமும் குட்டியின் பல் படவே இடம் கொடுக்கக் கூடாது. அதற்குக் கீழே வருகிறேன்.

செய்தித்தாள் அடியைப் பற்றி உங்கள் கணவரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால், இந்தப் பத்தியை மட்டும் அவரிடம் வாசிக்கக் கொடுங்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதைப் போன்ற ஒன்றைச் சொல்லிக்கொடுத்தவன்தான். கடித்தவுடன் தாடையை இறுகப் பிடித்து மூடிவிடுங்கள் என்று ஒரு குடும்பத்துக்கு ஆலோசனை சொன்னேன். அவர்கள் நான் சொன்னதைத் தவறாமல் செய்தார்கள். எட்டு மாதம் கழித்து அந்த நாயைக் காதில் சீழ் என்று கொண்டுவந்தபோது, என் கை அதன் முகத்தருகே போனதும் உடம்பு விறைத்து, கண் வெள்ளை தெரிய, உறுமாமலேயே கடித்தது. முகத்தை நோக்கி வரும் கை வலிக்கச் செய்யும் கை என்று அதற்குக் கற்பித்தது நான்தான். நாலரை நிமிட வேலைக்கு வாய்க்கட்டும் மயக்க மருந்தும் தேவைப்பட்டன. மூக்கில் தட்டினால் குட்டி இன்னும் வேகமாகக் கடிக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். துணிச்சலான குட்டி அடியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும், பயந்த குட்டி அதைச் சண்டையாக எடுத்துக்கொள்ளும். கையில் வேப்பெண்ணெய், மிளகு என்று தடவுவதிலும் இதே கோளாறுதான்.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் எஜமான் கதைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர விலங்குக் காட்சிச்சாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைக் கவனித்து 1947-இல் எழுதியதிலிருந்து, கூட்டத்தில் ஒன்று மற்றவற்றை அடக்கித் தலைவனாகிறது என்ற கருத்து பரவியது. அது ஓநாயிலிருந்து நாய்க்கும், நாயிலிருந்து நம் தெருவுக்கும் வந்துவிட்டது. அதே கருத்தை முன்பு பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மீச், காட்டில் பல ஆண்டுகள் ஓநாய்களைப் பின்தொடர்ந்த பிறகு, 1999-இல் எழுதிய கட்டுரையில், இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று விளக்கினார். 11 வாரக் குட்டிக்கு உங்கள் வீட்டின் தலைமைப் பதவியில் எந்த ஆசையும் இல்லை. மல்லாக்கப் போட்டு அமுக்கினால், உயிர் போகிறது என்ற பயத்தில் அது முகத்தைக் கடிக்கும். அமுக்குகிறவர் குனிந்திருப்பதால் அதற்கு எட்டுவதும் முகம்தான்.

மகளின் பாதுகாப்புக்கு வருகிறேன். பெரியவர் ஒருவர் அருகில் இல்லாதபோது குட்டியும் அவளும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. அருகில் இருப்பது என்றால் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பது அல்ல. குட்டி பாய்ந்து வந்தால், கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி, மரம்போல நிற்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு விளையாட்டாகச் சொல்லிக்கொடுங்கள். குட்டி இல்லாதபோது நீங்களே குட்டியாக நடித்துப் பத்துத் தடவை ஒத்திகை பாருங்கள். பயம் வந்த நேரத்தில் பிள்ளைகளுக்கு நினைவு வருவது ஒத்திகை பார்த்ததுதான். அவள் விளையாட ஆசைப்பட்டால், மூன்றடி நீளப் பருத்திக் கயிற்றின் நுனியில் பழைய துணியைக் கட்டிக் கொடுத்து, தரையோடு இழுத்து ஓடச் சொல்லுங்கள். கடிபடுவது துணியாக இருக்கும், அவள் கை மூன்றடி தள்ளி இருக்கும். ஓடுவதை விரட்டும் உங்கள் குட்டிக்கு இதைவிட விருப்பமான விளையாட்டு வேறு இருக்காது. மாமியாரைப் பொறுத்தவரை, நான் கவலைப்படுவது கடியைவிட அவர் தடுமாறி விழுவதைப் பற்றித்தான். அவர் நடமாடும் நேரத்தில் குட்டியின் கழுத்துப் பட்டையில் ஒரு மெல்லிய கயிற்றைக் கட்டி அதன் நுனி உங்கள் கையில் இருக்கட்டும், அல்லது அறை வாசலில் குறுக்குத் தட்டி ஒன்றை வையுங்கள். சங்கிலியில் நாள் முழுவதும் கட்டிப் போடுவதை இதற்கு மாற்றாகக் கொள்ளாதீர்கள். கட்டிப்போட்ட குட்டி அவிழ்த்தவுடன் இருமடங்கு பாயும்.

கடிக்கக் கொடுக்கும் பொருள்களில் நம் வீடுகளில் நடக்கும் தவறுகள் ஏராளம். பழைய செருப்பைக் கொடுத்தால், பழையதற்கும் நேற்று வாங்கியதற்கும் குட்டிக்கு வேறுபாடு தெரியாது. கோழி எலும்பை வேகவைத்துக் கொடுத்தால் அது சிலாம்பு சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும். மாங்கொட்டையும் மக்காச்சோளக் கட்டையும் குடலில் அடைத்துக்கொண்டு அறுவைச் சிகிச்சை வரை கொண்டுபோன குட்டிகளை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன். செல்லப் பிராணிகள் கடையில் கிடைக்கும் கெட்டி ரப்பர் பொம்மை, நடுவில் உணவு அடைக்கும் வகையாக இருந்தால், நல்லது; அதற்குள் தயிர்ச் சோற்றை அடைத்துக் குளிரூட்டியில் வைத்துக் கொடுங்கள். அது கைவசம் இல்லையென்றால் ஒரு தடித்த துண்டை நனைத்து, முறுக்கி முடிச்சுப் போட்டு, உறைநிலைப் பெட்டியில் வைத்து எடுத்து, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டும் கடிக்க விடுங்கள். பல் முளைக்கும் ஈறுக்கு அந்தக் குளிர்ச்சி இதமாக இருக்கும்.

இவை எல்லாமே விளையாட்டுக் கடிக்கானவை. விளையாட்டில் கடிக்கும் குட்டியின் உடம்பு தளர்ந்து, பின்பகுதி முழுவதும் வாலோடு சேர்ந்து ஆடும். முன்னங்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி உங்களை அழைக்கும். அப்படியில்லாமல், உணவுத் தட்டருகே யாராவது போனால் உடம்பு விறைத்து, தின்பதை நிறுத்தி, அசையாமல் கடைக்கண்ணால் பார்த்து உறுமினாலோ, தூக்கும்போது ஒரு குறிப்பிட்ட இடத்தில் கை பட்டால் மட்டும் கடித்தாலோ, அதை இந்தப் பதிலைக் கொண்டு சரிசெய்ய முயலாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். முதலாவது தன் உணவைக் காக்கும் குணம், இரண்டாவது வலி. இரண்டுக்கும் வழி வேறு.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்காமல் விட்டிருக்கிறீர்கள், ஆனாலும் சொல்கிறேன். வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் வலிக்கும் கடி மூன்று நான்கு வாரங்களில் குறையும். உங்கள் கணவர் கையைக் கொடுத்து மல்யுத்தம் விளையாடி, நீங்கள் எழுந்து போய், மாமியார் பிஸ்கட் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டிருந்தால் கணக்குச் சொல்ல முடியாது. நான்காம் மாதத்தில், தேறிவிட்டது என்று நீங்கள் நினைக்கும்போது, கடி மறுபடி கூடும், பயந்துவிட வேண்டாம். 28 பால் பற்களும் விழத் தொடங்கி அவற்றின் இடத்தில் 42 நிலைப் பற்கள் முளைக்கும் காலம் அது. கயிற்றுத் துணியில் இரத்தக் கறையும் தரையில் அரிசி போன்ற பல்லும் கிடக்கலாம் என்று மகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அவளுக்கும் பல் விழும் வயதுதானே. ஏழு மாதம் ஆன பிறகும் புதுக் கோரைப்பல்லுக்குப் பக்கத்திலேயே பழைய பால் கோரைப்பல் ஒட்டிக்கொண்டு நின்றால், மருத்துவரிடம் காட்டி எடுத்துவிட வேண்டும். அதற்கு முன்னால் இன்னும் ஒரு வாரத்தில் வரும் 12-ஆம் வார நிறைவை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, மகளைக் கடித்த நாளிலிருந்து 10 நாள் கண்காணிப்பும் முடிந்த பிறகு, குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.